ஆள் போன பிறகு மிஞ்சுகிற பாட்டு

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பாடகர் ப்ராக்டிஸுக்கு வந்தார், ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. பெரம்பூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில்தான் நாங்கள் வாசிப்போம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவது வழக்கம். அவர் வாசலிலேயே நின்றார். "இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன். என் பாட்டை மட்டும் இனிமே மேடையில வாசிக்க வேணாம்" என்றார். கோபம் எதுவும் இல்லை. சினிமாவில் பாட வாய்ப்பு வந்திருந்தது, தன் பாட்டுகளைத் தனியாக வெளியிடும் எண்ணமும் இருந்தது. அவை அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டவை. அவர் கேட்டது நியாயம்.

எங்களிடம் இருந்ததே ஒன்பது பாட்டு. அதில் ஆறு அவருடையது. பொங்கலுக்கு வியாசர்பாடியில் ஒரு தெருமேடை நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்தோம், அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். ஆங்கிலேய நாட்டுப்பாட்டை எலக்ட்ரிக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்த்து, ஃபோக் ராக் என்பதற்கு அங்கே ஒரு வடிவம் கொடுத்தவர்கள். அந்தக் குழுவில் ஆள் மாறியதைப்போல வேறெங்கும் மாறி நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, யார் எப்போது வந்தார்கள், யார் எப்போது போனார்கள், ஒவ்வொரு முறையும் எந்தப் பாட்டு போனது, எது நின்றது என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். அந்த நோட்டிலிருந்து விரிந்ததுதான் இது.

முதல் இரண்டு வருடம்

ஃபேர்போர்ட் என்பது ஒரு வீட்டின் பெயர். வடக்கு லண்டனில், மஸ்வெல் ஹில் பக்கம், சைமன் நிக்கலின் குடும்பத்து வீடு. அங்கேதான் நிக்கலும் ரிச்சர்ட் தாம்ப்ஸனும் ஆஷ்லி ஹட்சிங்ஸும் கூடி வாசித்தார்கள். முதல் நிகழ்ச்சி 1967 மே 27 அன்று, ஒரு தேவாலய ஹாலில் நடந்தது. அந்த முதல் நிகழ்ச்சியிலேயே ஆள் மாற்றமும் தொடங்கிவிட்டது. பார்க்க வந்திருந்த மார்ட்டின் லாம்பிள் என்ற பையன், உங்கள் டிரம்மரைவிட நான் நன்றாக வாசிப்பேன் என்று சொல்லி, வாசித்தும் காட்டி, உள்ளே வந்துவிட்டான். ஜூடி டைபிள், இயன் மேத்யூஸ் என்று இரண்டு குரல்கள் சேர்ந்தன. அப்போது அவர்கள் வாசித்ததில் இங்கிலாந்து மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அமெரிக்க மேற்குக் கரையின் ராக் பாணி, அமெரிக்கப் பாடலாசிரியர்களின் பாட்டு. நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் வேறு பத்துக் குழுக்களும் அதையே வாசித்துக்கொண்டிருந்தன.

1968இல் டைபிள் போய் சாண்டி டென்னி வந்தார். திசை திரும்பியது இங்கேதான். பெரும்பாலும் இதை 'புதிய பாடகி வந்தார், குரல் அருமை' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். குரல் அருமைதான். ஆனால் அவர் கூடவே கொண்டுவந்தது ஒரு மூட்டைப் பாட்டு. லண்டன் ஃபோக் கிளப்புகளில் கிட்டாரோடு தனியாக நின்று பாடிப் பழகிய பழைய பாட்டுகள் அவை, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. மேடையேறும் முன் கிடைக்கும் நேரத்தில் அவர் சும்மா பாடுவார், மற்றவர்கள் கூட வாசித்துப் பார்ப்பார்கள். அப்படிக் குழுவுக்குள் நுழைந்ததுதான் 'எ செய்லர்ஸ் லைஃப்'. காதலனைத் தேடிக் கடலில் போகும் பெண்ணின் பாட்டு. 1969இல் வந்த 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் அது பதினோரு நிமிடம் ஓடுகிறது. ஒரே டேக். அந்தப் பதிவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்ட வயலின்காரர் டேவ் ஸ்வார்பிரிக். ஃபோக் வட்டாரத்தில் அதற்குள் பெயர் எடுத்தவர், மார்ட்டின் கார்த்தியோடு ஜோடியாக வாசித்துக்கொண்டிருந்தவர்.

அந்தப் பதினோரு நிமிடத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. முதல் பாதியில் டிரம்ஸ் தாளம் பிடிப்பதே இல்லை. சிம்பல்தான், அலை வந்து போவதுபோல. குரல் நின்ற பிறகு தாம்ப்ஸனின் கிட்டாரும் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும்போதுதான் லாம்பிள் மெல்ல வேகம் ஏற்றுகிறார். யார் முன்னால் போவது என்று அங்கே யாரும் பேசி வைக்கவில்லை என்பது கேட்டாலே தெரியும். இந்தப் பழைய பாட்டுப் பாதை தனக்கு ஒத்துவராது என்று மேத்யூஸ் அந்த ஆல்பம் முடியும் முன்னே விலகிக்கொண்டார்.

1969 மே 12

பர்மிங்ஹாமில் நிகழ்ச்சி முடித்து ராத்திரியோடு ராத்திரியாக லண்டன் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. லாம்பிள் இறந்தார். வயது 19. தாம்ப்ஸனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். வேனில் இருந்த மற்றவர்களுக்கும் காயம். டென்னி அந்த வேனில் இல்லை.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று பேசினார்கள். தொடர்வது என்று முடிவானபோது கூடவே இன்னொன்றும் முடிவானது: லாம்பிளோடு வாசித்த பழைய பாட்டுகளை இனி வாசிப்பதில்லை. வாசிக்க மனம் வரவில்லை. அந்த வருடக் கோடையை ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லைன் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டை எடுத்துக் கழித்தார்கள். காயம் ஆறிக்கொண்டிருந்தது. ஸ்வார்பிரிக் முழுநேர ஆளாகச் சேர்ந்தார். ஹட்சிங்ஸ் லண்டனில் நாட்டுப்பாட்டுச் சேகரிப்புகள் இருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸுக்குப் போய்ப் பழைய பாட்டுகளைத் தேடிப் படித்தார். அந்த வருடம் டிசம்பரில் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தில் எட்டுப் பதிவு. அவற்றில் மூன்றுதான் புதிதாக எழுதியவை, அவையும் பழைய பாட்டின் சாயலில் எழுதியவை. மற்றதெல்லாம் பொதுச் சொத்து. 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் அதை எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் புதிய டிரம்மர் டேவ் மாட்டக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அவர் நடன அரங்கங்களில் வாசித்த ஆள். ஃபோக் தெரியாது. ராக் வெறியும் கிடையாது. நடன ஜோடிகளின் காலைப் பார்த்து வாசித்துப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். ராக் டிரம்மர் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ஸ்நேரை, அதாவது பளிச்சென்று சத்தம் தரும் சின்ன டிரம்மை, ஓங்கி அடிப்பார். கதைப்பாட்டில் அப்படி அடித்தால், வரி எங்கே முடிகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதெல்லாம் நசுங்கிப்போகும். மாட்டக்ஸ் வரியைக் கேட்டு வாசித்தார். 'மாட்டி க்ரோவ்ஸ்' எட்டு நிமிடக் கதைப்பாட்டு: பிரபுவின் மனைவி ஒரு இளைஞனை வீட்டுக்கு அழைக்கிறாள், பிரபுவுக்குத் தகவல் போகிறது, கொலையில் முடிகிறது. கதை முடிகிறவரை டிரம்ஸ் கதைசொல்லிக்குப் பின்னாலேயே நடக்கிறது. முடிந்த பிறகுதான் ஓட்டம். நம் ஊரில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். புலவர் வரியை முடிக்கும் முன் குடம் குறுக்கே வராது.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியம். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். மரபுக்குள் இன்னும் ஆழமாகப் போகவேண்டும் என்று ஹட்சிங்ஸ் போய் ஸ்டீலை ஸ்பானைத் தொடங்கினார். தன் சொந்தப் பாட்டுகளைப் பாடவேண்டும் என்று டென்னி போய் ஃபாதரிங்கே என்ற குழுவைத் தொடங்கினார். ஒரே மாதத்தில், நேர் எதிர்த் திசைகளில். குழுவின் குரலும் போனது, பாட்டைத் தோண்டி எடுத்துத் தந்தவரும் போனார்.

டென்னிக்குப் பதில் இன்னொரு பாடகியை அவர்கள் தேடவில்லை. தாம்ப்ஸன், ஸ்வார்பிரிக், நிக்கல் மூவரும் தாங்களே பாடினார்கள். பேஸுக்கு டேவ் பெக் வந்தார். ஜிக் என்ற வேகமான நடன மெட்டுகளை வயலினோடு சேர்ந்து நோட்டுக்கு நோட்டு பேஸில் வாசிப்பார், பேஸ்காரனாக இன்றைக்கும் என்னால் அந்த வேகத்தில் வாசிக்க முடியவில்லை. 1970இல் வந்த 'ஃபுல் ஹவுஸ்' வேறு ஒரு குழுவின் ஆல்பம்போல இருக்கும். ஐந்து ஆண்கள், கரடுமுரடான குரல்கள், வயலின் முன்னால். ஆனாலும் அடியில் அதே மண். பழைய மெட்டுகள் யாரோடும் வெளியே போகவில்லை. டென்னி அவற்றைக் கற்றுக் கொடுத்தாரே தவிர அவை அவருடையவை அல்ல. மிச்சம் இருந்தவர்கள் புதிய கைகளால் அவற்றை வாசித்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடு மாறி, உத்தரம் மாறி

அடுத்த சில வருடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1971 தொடக்கத்தில் தாம்ப்ஸன் போனார். நால்வராக வெளியிட்ட 'ஏஞ்சல் டிலைட்' இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. அந்த வருடக் கடைசியில் நிக்கலும் போனார். ஃபேர்போர்ட் என்பது யார் வீட்டுப் பெயரோ, அவரே குழுவில் இல்லை. ஓடு மாற்றி, உத்தரம் மாற்றி, கடைசியில் வாசற்காலையும் மாற்றிவிட்ட வீடு மாதிரி, தொடங்கியவர்கள் ஒருவர்கூட இல்லாமல் சில வருடம் அந்தப் பெயர் ஓடியது.

1974இல் டென்னி திரும்பி வந்தார். 1975இல் வந்த 'ரைஸிங் ஃபார் தி மூன்' ஆல்பத்தில் எல்லாமே புதிதாக எழுதிய பாட்டுகள். மரபுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. கேட்க இனிமையான ஆல்பம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் டென்னியும், அவர் கணவர் ட்ரெவர் லூகஸும், கிட்டார் வாசித்த ஜெர்ரி டொனஹ்யூவும் ஒன்றாக விலகினார்கள். இம்முறை போனவர்களோடு பாட்டுகளும் போயின. 1969இல் இரண்டு பேர் போனபோது ஆடாத குழு 1975இல் ஆடிப்போனதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். பணத்தட்டுப்பாடும் களைப்பும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் நின்றவர்கள் கையில் அடுத்த நாள் வாசிக்கப் பாட்டு இல்லை. பிறகு அவர்கள் மறுபடி காலூன்றியது எதில் என்று பாருங்கள்: 1977, 1978 ஆல்பங்களில், நிக்கலும் திரும்பி வந்த பிறகு, பழைய கதைப்பாட்டுகளிலும் குடிப்பாட்டுகளிலும்தான். டென்னி 1978 ஏப்ரலில் தன் 31ஆவது வயதில் இறந்தார்.

1979இல் ரெகார்ட் கம்பெனி, மீதி ஆல்பங்களைப் போட வேண்டாம் என்று பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எலக்ட்ரிக் மேடையில் வருடக்கணக்காக நின்று ஸ்வார்பிரிக்கின் காது கெட்டிருந்தது. ஆகஸ்ட் 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் க்ரோப்ரெடி என்ற கிராமத்தில், ஒரு வயலில் விடைபெறும் நிகழ்ச்சி நடத்திக் கலைந்தார்கள். ஆனால் வருடா வருடம் அதே ஊரில் கூடி வாசிப்பது நிற்கவில்லை. 1985இல் நிக்கல், பெக், மாட்டக்ஸ் மூவரும் மறுபடி ஆல்பம் போட்டார்கள். ஸ்வார்பிரிக் இடத்துக்கு ஜாஸ் பக்கம் பழக்கமுள்ள ரிக் சாண்டர்ஸ் வயலினோடு வந்தார். வயலின் இழுப்பு மாறியது, கூடவே குழுவின் நடையும் மாறியது.

பெரம்பூர் மாடிக்குத் திரும்பினால்

அடுத்த சனிக்கிழமை நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: அவர் பாட்டு ஆறும் போனால் நம்மிடம் மீதி என்ன இருக்கிறது?

மூன்று பாட்டு மீதி. அதில் இரண்டு, பறை வாசிக்கிற அண்ணன் கொண்டுவந்தவை. அவர் மதுராந்தகம் பக்கத்துக்காரர். அவருடைய அம்மா நடவு நட்டுக்கொண்டே பாடிய பாட்டு ஒன்று, ஒரு தாலாட்டு. இதுவரை அவற்றை நிகழ்ச்சிக்கு நடுவில், பாடகர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு வைத்திருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"பாட்டா இல்ல? எங்கம்மாகிட்ட போனா நாள் பூரா பாடுவாங்க, தம்பி. நீதான் வந்து எழுதிக்கணும்" என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை போனோம். ஐந்து பாட்டு பதிவு செய்துகொண்டு வந்தோம்.

வாசிக்க உட்கார்ந்ததும் சிக்கல் தொடங்கியது. மழைக்காலம் முடிந்த ஈரம். பறையின் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்றது. மாடியில் பழைய பேப்பரும் காய்ந்த ஓலையும் போட்டுக் கொளுத்தி, அண்ணன் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் விரலால் சுண்டிப் பார்ப்பார். ஓரத்தில் கிண்ணென்று வந்ததும்தான் நிறுத்துவார். உள்ளே வந்து கால்மணி நேரம் வாசித்தால் மறுபடி இறங்கிவிடும். சூடு காட்டத் தேவையில்லாத ஃபைபர் பறை இப்போது கிடைக்கிறது. வாங்கிவிடலாமா என்று கேட்டேன். வலது கை அடிக்குச்சியால் நடுவிலும் இடது கை சிண்டுக்குச்சியால் ஓரத்திலும் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைக் கேட்ட பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோல் இறங்குகிற நேரத்தைக் கணக்கு வைத்து நிகழ்ச்சியைப் பிரித்தோம். பறைப் பாட்டு மூன்று, பிறகு தாலாட்டு, அந்த நேரத்தில் பறை நெருப்புக்குப் போகும்.

அடுத்தது சுருதி. பழைய பாடகருக்கு ஒன்றரைக் கட்டை, எல்லாம் அதற்கே செட் செய்திருந்தோம். அண்ணன் இரண்டு கட்டை பக்கம் எங்கேயோ எடுப்பார். பாட்டு சூடு பிடித்தால் மூன்றாவது அடியில் அரைக் கட்டை ஏறியிருப்பார். கிட்டார்காரர் சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கேப்போவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். முடியவில்லை. சுருதிப்பெட்டியை அண்ணன் காதில் வைத்தால் அவர் குரல் கூனிப்போனது. கடைசியில் பாட்டை விட்டுவிட்டு எங்களை மாற்றிக்கொண்டோம். முதல் இரண்டு அடிக்கு பறை மட்டும். அவர் ஏறி ஓர் இடத்தில் நின்ற பிறகு நான் பேஸில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பேன், என்னைப் பார்த்து கிட்டார் வரும். கிட்டாரும் கார்டு பிடிக்காமல், ஸட்ஜமும் பஞ்சமும் மட்டும் நீளமாக இழுக்கும். எங்கள் குழு இப்படி ஒலிக்கும் என்று ஒரு மாதம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டிரம்ஸ் வாசிக்கிற தம்பி இரண்டிலும் நான்கிலும் ஸ்நேரைப் போட்டுக்கொண்டே இருந்தான். நடவுப் பாட்டு மும்மூன்றாக நடக்கும் பாட்டு, குனிந்து நட்டு நகர்கிற காலின் கணக்கு. அண்ணன் நிறுத்தினார். "தம்பி, பாட்டு எங்க மூச்சு விடுதோ அங்க மட்டும் அடி. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். தம்பி ஸ்நேரை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமோடு மட்டும் உட்கார்ந்தான். மாட்டக்ஸின் கதையை அன்றைக்குத்தான் அவனுக்குச் சொன்னேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்பே இந்த ஊரில் பெரிய அளவில் இதைச் செய்தவர்கள் உண்டு. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியபோது 19 பேர். கானா, ராப், ராக், பறை, சட்டி, கட்ட மோளம் எல்லாம் ஒரே மேடையில். நாட்டுப்புற வாத்தியம் ராக்கின் ஓரத்தில் அலங்காரத்துக்கு நிற்க வேண்டியதில்லை என்று அன்று பல பேருக்குப் புரிந்தது. எனக்குப் புரிய இன்னும் சில வருடமும் ஒரு பாடகரின் விலகலும் தேவைப்பட்டன.

கணக்கில் அடங்காத ஒரு பாட்டு

என் நோட்டில் எழுதியது இதுதான்: பொதுப் பாட்டு நிற்கும், சொந்தப் பாட்டு எழுதியவரோடு போகும். ஆனால் ஃபேர்போர்ட்டிலேயே இதற்கு அடங்காத ஒன்று இருக்கிறது. 'மீட் ஆன் தி லெட்ஜ்' தாம்ப்ஸன் எழுதியது, அவர் இளைஞராக இருந்தபோது. 1971இல் அவர் போனார், பாட்டு போகவில்லை. க்ரோப்ரெடி விழாவின் கடைசிப் பாட்டு அதுதான். பழைய ஆட்கள், புதிய ஆட்கள், வயலில் நிற்கிற கூட்டம் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். தாம்ப்ஸனும் பல வருடம் வந்து கூடப் பாடியிருக்கிறார். எழுதியவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்த பொதுப் பாட்டு அது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

பொங்கல் நிகழ்ச்சியில் எட்டுப் பாட்டு வாசித்தோம். நடவுப் பாட்டுக்குத் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிகள் இரண்டு பேர் கூடவே பாடினார்கள், வேறு வரிகளில். முடிந்து ஒயரைச் சுருட்டப் போகும்போது முன்னால் நின்ற பிள்ளைகள் பழைய பாடகரின் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கத்தினார்கள். அந்தத் தெருவில் போன வருடமும் வாசித்திருந்தோம். கிட்டார்காரர் என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்திருக்கிறோம். நான் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பிள்ளைகள் காத்திருக்கவில்லை, அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். பல்லவியும் ஒரு சரணமும் முழுதாகப் பாடினார்கள். நாங்கள் ஆறு பேரும் மேடையில் சும்மா நின்று கேட்டோம்.

மறுநாள் பாடகருக்குப் போன் செய்து, நாங்கள் வாசிக்கவில்லை, ஆனால் இப்படி நடந்தது என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சரியா பாடினாங்களா?"

"ஒரு வார்த்தை மட்டும் மாத்திட்டாங்க. நீங்க ஆத்தோரம்னு எழுதியிருந்தீங்க. அவங்க பாலத்தோரம்னு பாடறாங்க."

அவர் அந்த வரியைப் போனிலேயே ஒரு தரம் பாடிப் பார்த்தார், பாலத்தோரம் என்று போட்டு.